விடிந்தால் வெள்ளிக்கிழமை

1

எற்பாடு என்ற சொல்லை நான் கடைசியாக எழுதியது பள்ளித் தமிழ்த் தேர்வில். நெய்தல் நிலத்துக்கு உரிய சிறுபொழுது எது? ஒரு மதிப்பெண். அதற்கப்புறம் அந்தச் சொல்லை யாரும் பேசிக் கேட்டதில்லை, எங்கும் படித்ததுமில்லை. பல வருஷம் கழித்து அது ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் என் முன்னால் வந்து நின்றது.

சென்னையில் நான் பார்க்கிற வேலை, செயலிகளின் தமிழ் முகத்தைச் சோதிப்பது. பொத்தானில் எழுத்து வெட்டுப்படுகிறதா, 'ஸ்ரீ' உடைகிறதா, தேதி சரியாக வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சோதித்த செயலி, தேதிக்கும் நேரத்துக்கும் மொமென்ட் ஜேஎஸ் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தது. வலைப்பக்கங்களில் தேதியைக் கையாள ஒரு காலத்தில் எல்லோரும் எடுத்துக்கொண்டது அதைத்தான். ஒவ்வொரு மொழிக்கும் அதில் ஒரு கோப்பு உண்டு. ஆங்கிலத்தில் ஏ.எம்., பி.எம். என்று வரும் இடத்தில் அந்த மொழியில் என்ன வரவேண்டும் என்று அந்தக் கோப்பு சொல்லும். தமிழ்க் கோப்பைத் திறந்தேன். இரண்டு சொல் இருக்கும் என்று நினைத்த இடத்தில் ஆறு இருந்தன.

இரவு 10 முதல் 2 வரை யாமம். 2 முதல் 6 வரை வைகறை. 6 முதல் 10 வரை காலை. 10 முதல் 2 வரை நண்பகல். 2 முதல் 6 வரை எற்பாடு. 6 முதல் 10 வரை மாலை.

பக்கத்து இருக்கைத் தோழி எட்டிப் பார்த்துவிட்டு, "தொல்காப்பியர் கோட் எழுதியிருக்காருடா" என்றாள். பாதி உண்மைதான். ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு இருபத்து நாலு நிமிடம், பத்து நாழிகைக்கு ஒரு சிறுபொழுது. இலக்கண வகுப்பில் படித்த அதே கணக்கை யாரோ ஒரு தமிழர் அப்படியே நிரலாக்கி வைத்திருந்தார். உலகத்தில் எத்தனையோ கணினிகளில் அந்தக் கோப்பு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் மருத நிலத்துக்காரன். கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர். தொல்காப்பியம் மருதத்துக்குக் கொடுத்த பொழுது வைகறையும் விடியலும். அது வெறும் இலக்கணம் இல்லை என்பது டெல்டாவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். நடவு நாளில் ஊர் விழிப்பது விடியக்கருக்கலில். ஆண்கள் அந்த அரை வெளிச்சத்திலேயே நாற்றங்காலில் இறங்கி நாற்றுப் பறித்து முடிச்சுப் போட்டு வைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் பெண்கள் நடவுக்கு வந்துவிடுவார்கள். வைகறையில் அசந்தால் அந்த நாளே போச்சு.

அப்புறம் திரையைப் பார்த்தேன். பல் மருத்துவரிடம் முன்பதிவு: 'நண்பகல் 10:15'. பள்ளிக்கூடக் கூட்டம்: 'எற்பாடு 3:00'. இரவுச் சாப்பாடு வந்து சேரும் நேரம்: 'மாலை 9:30'.

எல் என்றால் சூரியன். பாடு என்றால் படுதல், சாய்ந்து மறைதல். சூரியன் சாய்கிற நேரத்துக்கு வைத்த பெயர் அது. பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம் 2 மணி 5 நிமிடத்தைப் பார்த்து ஒரு கைபேசி எற்பாடு என்று சொன்னால், சங்கப் புலவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

2

இன்னொரு அட்டவணையும் இருக்கிறது. இன்றைய கைபேசிகளில் பெரும்பாலும் வேலை செய்வது அதுதான். யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் சி.எல்.டி.ஆர். என்ற பொதுத் தரவுத்தொகுப்பு. ஒரு மொழியில் மாதப் பெயர் என்ன, ஆயிரத்துக்குக் காற்புள்ளி எங்கே, வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் எல்லாரும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

நேரத்தைக் காட்ட அது மூன்று எழுத்துக்குறிகள் வைத்திருக்கிறது. சின்ன 'ஏ' போட்டால் ஏ.எம்., பி.எம். மட்டும் வரும். சின்ன 'பி' போட்டால் கூடவே நண்பகலும் நள்ளிரவும் வரும். பெரிய 'பி' போட்டால் அந்த மொழி பேசுகிறவர்கள் நாளை எப்படிப் பிரிக்கிறார்களோ அப்படி வரும். ஆங்கிலத்துக்கு நாலு பிரிவு: காலை, பிற்பகல், மாலை, இரவு. சீனத்தில் விடியலுக்கு முந்தைய நேரத்துக்கும் விடிந்த உடனே வரும் நேரத்துக்கும் தனித்தனிச் சொல். தமிழுக்கு, நான் பார்த்த பதிப்பில், ஏழு பிரிவு: 3 முதல் 5 வரை அதிகாலை, 12 வரை காலை, 2 வரை மதியம், 4 வரை பிற்பகல், 6 வரை மாலை, 9 வரை அந்தி மாலை, அப்புறம் மறுபடி 3 வரை இரவு.

எற்பாட்டை விட இது எவ்வளவோ தேவலை. மனுஷன் பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் ராத்திரி எட்டரை மணிக்கு 'அந்தி மாலை 8:30' என்று யார் சொல்கிறார்கள்? அந்தி என்பது விளக்கு வைக்கிற நேரம். மார்கழியில் எட்டரை மணிக்கு எங்கள் தெருவில் நாய்கூடத் தூங்கியிருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பெரும்பாலான நிரலர்கள் பெரிய 'பி' பக்கமே போவதில்லை. சின்ன 'ஏ' போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். அப்போது தமிழில் வருபவை இரண்டே சொற்கள்: முற்பகல், பிற்பகல்.

இந்த இரண்டும் எப்படி வந்தன என்று பார்த்தால் பிழை புரியும். ஏ.எம். என்பது 'உச்சிக்கு முன்' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம். ராத்திரி 2 மணியும் உச்சிக்கு முன்தானே, அதனால் லத்தீனில் தப்பில்லை. தமிழில் முற்பகல் என்றால் உச்சிக்கு முன் என்று பொருள் இல்லை. பகலின் முற்பகுதி என்று பொருள். ராத்திரி 2 மணியில் பகலே கிடையாது, அதற்கு முற்பகுதி எங்கிருந்து வரும்? 'பிற்பகல் 11:00' என்று படுக்கப்போகும் நேரத்தில் கைபேசி காட்டுகிறபோது அகராதியில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அது தமிழ் இல்லை.

3

எங்கள் ஊரில் நேரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று வேலை நிமித்தமாகவே ஒரு தடவை குறித்துக்கொண்டு வந்தேன். கோழி கூப்பிட. விடியக்கருக்கல். பலபலன்னு விடிய. வெயில் ஏற. உச்சி. வெயில் தாழ. பொழுது சாய. விளக்கு வைக்க. ஊர் அடங்க. நடுச்சாமம். இவற்றில் பாதிக்கு மேல் வினைச்சொற்கள். வெயில் என்ன செய்கிறது, ஊர் என்ன செய்கிறது என்பதுதான் நேரம். "வெயில் தாழ வாடா" என்று பெரியம்மா சொன்னால் சித்திரையில் அது ஐந்து மணி, கார்த்திகையில் நாலு. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடிகாரம் சொல்கிற நேரமும் ஒன்றும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. இந்திய நேரம் 82 பாகை 30 கலை கிழக்கு நெடுவரையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தஞ்சாவூர் இருப்பது 79 பாகையை ஒட்டி. அதனால் நம் உச்சிப்பொழுது சராசரியாகக் கடிகாரத்தில் 12 மணி தாண்டிப் பதிமூன்று நிமிடம் கழித்துத்தான் வருகிறது. 1906-க்கு முன்னால் ரயில்கள் ஓடியது மதராஸ் நேரத்தில். அது இன்றைய நேரத்தைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பின்னால். என் கொள்ளுத்தாத்தா காலத்தின் ஒன்பது நிமிடத்தை ஓர் உத்தரவு தூக்கிக்கொண்டு போயிருக்கிறது, அவருக்குத் தெரியாமலே.

அசைகிற பொழுதை அசையாத அட்டவணைக்குள் அடைத்த முதல் ஆள் மென்பொருள்காரனும் இல்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். ராகு காலம் திங்கட்கிழமை 7.30 முதல் 9. ஆடியானாலும் தையானாலும் அதேதான். முறைப்படி பார்த்தால் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுக்க வேண்டும். எல்லா நாளும் ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டுவதாக வைத்துக்கொண்டு காலண்டர் அச்சடித்துவிட்டது. நாமும் ஒத்துக்கொண்டோம். அட்டவணை வேண்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. யாருடைய வாயைப் பார்த்து எழுதிய அட்டவணை என்பதுதான் கேள்வி.

4

இதையெல்லாம் நான் வேடிக்கையாக மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாமல் போனது அம்மாவின் கண்ணால்.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் சனிக்கிழமை 16-ஆம் தேதி காலை அம்மாவுக்குக் கண்ணைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தோம். ஊரிலிருந்து சித்தப்பா கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அவரே கடைத்தெருவில் டிக்கெட் போடும் இடத்துக்குப் போய், "15-ஆம் தேதி ராத்திரி பன்னெண்டரை வண்டிக்கு ரெண்டு டிக்கெட்" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையனும் 15-ஐத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டரை வண்டியை அழுத்தி, பணத்தை வாங்கிக்கொண்டான். சித்தப்பாவின் கைபேசிக்குச் செய்தி வந்தது. முழுக்கத் தமிழ். 'பயண நாள்: 15, வெள்ளி. புறப்பாடு: முற்பகல் 12:30.'

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு இரண்டு பேரும் பையும் கையுமாகக் கும்பகோணத்தில் போய் நின்றார்கள். வண்டி வந்தது. பட்டியலில் பெயர் இல்லை. நடத்துநர் செய்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நேத்திக்கு வண்டி, சார். நேத்தே போயிடுச்சு" என்றார்.

"15-ன்னுதானே தம்பி போட்டிருக்கு? இன்னிக்குத்தானே 15 ராத்திரி?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

"ராத்திரி பன்னெண்டு தாண்டினா 16 ஆயிடும்மா."

அதற்கு அம்மா சொன்ன பதிலைச் சித்தப்பா எனக்கு அப்படியே சொன்னார். "விடியவே இல்லையே, அதுக்குள்ள எப்படிப்பா பதினாறாகும்?"

அந்த வண்டியில் இடமில்லை. வேறொரு வண்டியில் மறுபடி பணம் கொடுத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, சென்னைக்கு வந்து சேரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மருத்துவமனையில் அவள் முறை போயிருந்தது. அடுத்த நேரம் மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. மூன்று வாரமும் பார்வை மங்கலோடுதான் அவள் சமையல் செய்தாள்.

இதில் பொய் சொன்னவர் யாருமில்லை. சித்தப்பா கேட்டது சரியான தமிழ். பையன் அழுத்தியது சரியான தேதி. செயலி காட்டியது சி.எல்.டி.ஆர். சொல்கிற முற்பகல். நடத்துநர் சொன்னது நாட்காட்டிக் கணக்கு. அம்மா சொன்னது நம் ஊர்க் கணக்கு. பஞ்சாங்கத்திலும் கிழமை மாறுவது சூரிய உதயத்தில்தான். ஆளுக்கொரு நாளில் நின்றுகொண்டு ஒரே வண்டியைத் தேடியிருக்கிறார்கள்.

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஸ்வாஹிலி பேசுகிறவர்கள் விடியலிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு, அவர்களுக்கு முதல் மணி. எத்தியோப்பியாவிலும் அதே வழக்கம். ஜப்பானில் நள்ளிரவு தாண்டி ஒளிபரப்பாகும் நிகழ்ச்சிக்கு 25 மணி என்று போடுவார்கள். வெள்ளி 25:00 என்றால் வெள்ளி இரவு தூங்காமல் விழித்திருந்தால் வரும் 1 மணி. தூங்கி எழுந்தால்தான் அடுத்த நாள் என்பதை அவர்கள் எண்ணாகவே எழுதிவிட்டார்கள். எங்கள் அம்மாவுக்கு ஜப்பானில் டிக்கெட் போட்டிருந்தால் வண்டி தப்பியிருக்காது.

5

இந்த இடத்தில் 'கடிகாரம் கெடுத்தது, பழைய பொழுதே நல்லது' என்று முடித்துவிட ஆசையாக இருக்கும். தஞ்சை மண்ணில் பிறந்தவன் அப்படிச் சொல்லக் கூடாது.

பண்ணையாள் முறை இருந்த காலத்தில் இங்கே கூலித் தொழிலாளிக்கு வேலை நேரத்தைச் சொன்னது பொழுதுதான். விடிவதற்கு முன் வந்து இருட்டிய பின் போக வேண்டும். கருக்கல் எப்போது கலைந்தது, பொழுது எப்போது சாய்ந்தது என்று தீர்மானிப்பவர் ஆண்டை. தாமதமாக வந்தவனுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் இருந்த ஊர் இது. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கீழத்தஞ்சையில் கட்டிய விவசாயச் சங்கம் அதையெல்லாம் எதிர்த்துத்தான் எழுந்தது. 1952-இல் தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கு நடவு ஆட்கள் மணி பார்த்துக் கரையேறுகிறார்கள். "மணி ஒண்ணாச்சு, ஏறுங்கடி" என்று ஒரு பெண் குரல் கொடுத்தால் வயலே கரையேறிவிடுகிறது. அந்த 'ஒண்ணு' சண்டை போட்டு வாங்கின ஒண்ணு.

நேரத்தைத் தெளிவில்லாமல் வைத்தால் அந்தத் தெளிவின்மை எப்போதும் வலுத்தவன் பக்கம்தான் சாயும். அன்றைக்கு அது ஆண்டை பக்கம் சாய்ந்தது. அம்மா விஷயத்தில் இரண்டாவது டிக்கெட்டின் பணமாகச் சாய்ந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 'செய்தியில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. தெளிவாக, முற்பகல் என்று.

அதனால்தான் எற்பாடு எனக்கு வேண்டாம். கருக்கலையும் திரையில் கேட்க மாட்டேன். படிக்கிறவருக்கு இரண்டாவது அர்த்தமே தோன்றாத சொல் வேண்டும், அவ்வளவுதான்.

6

இந்தப் பிழை இத்தனை வருஷம் எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது என்று யோசித்திருக்கிறேன். அலுவலகத்தில் எங்கள் தமிழ்க் குழுவில் இருப்பவர்களின் கைபேசிகளை ஒருநாள் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலத்தில். என்னுடையதும்தான். தமிழில் கவிதை படிப்போம், தமிழில் சண்டை போடுவோம், கைபேசியின் மொழியை மட்டும் தமிழுக்கு மாற்றியிருக்க மாட்டோம். மாற்றி வைத்திருப்பவர்கள் அம்மாக்களும் சித்தப்பாக்களும். அவர்களுக்குப் 'பிற்பகல் 11:00' கோணலாகத் தெரியும். ஆனால் 'மெஷின் தமிழ் அப்படித்தான் இருக்கும்போல' என்று விட்டுவிடுவார்கள். புகார் சொல்லத் தெரிந்தவன் கண்ணில் பிழை படுவதில்லை, படுகிறவருக்குப் புகார் சொல்லலாம் என்பதே தெரியாது.

சொல்ல வழி இருக்கிறது. சி.எல்.டி.ஆர். தரவைத் திருத்த யூனிகோட் ஒரு வாக்களிப்புத் தளம் வைத்திருக்கிறது. விருந்தினராகக் கணக்குக் கேட்டு உள்ளே போய், சொல்லை முன்மொழியலாம், வாக்களிக்கலாம். தனியாளின் வாக்குக்கு எடை குறைவு, பெரிய நிறுவனங்களின் வாக்குக்கு அதிகம். ஆனாலும் ஒரே சொல்லுக்குப் பத்துப் பேர் காரணத்தோடு எழுதினால் படிக்கிறார்கள். மாலை 7 மணிக்குப் பிறகு இரவு என்று இருக்கட்டும் என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருவர் வேறு மாதிரி சொல்லலாம். இலங்கைத் தமிழுக்கு இப்போதே 24 மணி நேர வடிவம்தான் தரப்பட்டிருக்கிறது. அந்தச் சண்டை நடக்கட்டும். நடந்தால்தான் அட்டவணையில் நம் வாய் ஏறும்.

நிரலர்களிடம் கேட்பது அதைவிடச் சுலபம். தமிழ் என்றால் சின்ன 'ஏ'-யை விட்டுப் பெரிய 'பி'-யைப் போடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் ஜாவாவிலும் அதற்கு இப்போது வசதி இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் சொல்லை ஒட்டாதீர்கள், தமிழில் 'காலை 9:30', '9:30 காலை' இல்லை.

நள்ளிரவு தாண்டிய வண்டிக்கு மட்டும் எந்த எழுத்துக்குறியும் போதாது. 'இரவு 12:30, 15-ஆம் தேதி' என்று சரியான சொல்லைப் போட்டாலும் அம்மா வெள்ளி ராத்திரிதான் போய் நிற்பாள். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கிறது. சாவுச் செய்தி சொல்லும்போதும், குழந்தை பிறந்த நேரம் சொல்லும்போதும், நடுச்சாமத்தில் தண்ணீர் முறை வரும்போதும் எங்கள் ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். "வியாழக்கிழமை ராத்திரி பன்னெண்டரை, விடிஞ்சா வெள்ளிக்கிழமை." இரண்டு கிழமையும் வந்துவிடுகிறது, எந்த இரவு என்பதில் சந்தேகமே இல்லை. அன்றைக்கு அந்தச் செய்தி இப்படி வந்திருந்தால், "ஏம்ப்பா, நான் வெள்ளி ராத்திரில்ல கேட்டேன்?" என்று சித்தப்பா கடையிலேயே சண்டை போட்டிருப்பார்.

போன வாரம் நாங்கள் சோதிக்கிற ஒரு பயணச் செயலிக்கு இதைப் பரிந்துரையாக எழுதி அனுப்பினேன். நள்ளிரவு 12 முதல் 4 வரை புறப்படும் வண்டிகளுக்கு இரண்டு கிழமையும் காட்ட வேண்டும், வாசகம் 'வியாழன் இரவு 12:30 (விடிந்தால் வெள்ளி 15)' என்று. அடைப்புக்குறிக்குள் இருப்பது எல்லாத் திரையிலும் அடங்காது, பதினைந்து எழுத்துக்குள் சுருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். சுருக்கிக்கொண்டிருக்கிறேன்.